நெற்றியில் விழுந்த வெண்பொட்டு: பழைய படங்களை நகலெடுக்கையில் கண்ட ஒளிக்கோளாறு பற்றிய நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாக இருக்கும் எங்கள் ஸ்டூடியோவுக்குக் கலியாணவீட்டு வேலைக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது, பழைய படங்களை நகலெடுத்துப் பெருப்பித்துக் கொடுக்கும் வேலைதான். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்ட குடும்பங்களில், அல்பத்தை முழுதாகக் கொண்டுவந்து சேர்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் மிச்சப் பிரதி ஒன்று, பாடசாலைக் குழுப்படத்தில் வெட்டியெடுத்த ஒரு முகம், பங்கரின் ஈரத்தில் கிடந்து ஓரம் கரைந்த ஒரு தாள் என்று, சொப்பிங் பைக்குள் பலமுறை மடித்துச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அந்த ஒன்றைத் தவிர வேறு படம் அவர்களிடம் இல்லை என்பதால், நாங்கள் எடுக்கும் நகலே அந்த முகத்தின் இனிவரும் உருவமாகிவிடுகிறது. இங்கே எழுதப்போவது அத்தகைய நகல்களின் நடுவில் பல மாதங்களாக விழுந்துகொண்டிருந்த ஒரு வெளிறிய பொட்டைப் பற்றியும், அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த விதத்தைப் பற்றியும் ஆகும்.

கோளாறை முதலில் கண்டவர் நானல்ல. புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு தாயார், தன் மகனின் சிறிய படமொன்றைப் பெருப்பிக்கத் தந்திருந்தார். முடிந்த படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “என்ர பிள்ளை இவ்வளவு வெள்ளை இல்லைத் தம்பி. நெத்தியில ஏதோ வெளிச்சம் பட்ட மாதிரிக் கிடக்கு” என்றார். படம் பழசு, நிறம் மங்கியிருக்கும் அம்மா என்று சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். ஆயினும் மூலப்படத்தை வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தபோது, அவர் சொன்னதே சரியாக இருந்தது. மூலத்தில் இடப்புருவத்துக்கு மேலே இருந்த ஒரு சிறிய தழும்பு, எங்கள் நகலில் அநேகமாக அழிந்துபோயிருந்தது.

அன்று மாலை, முந்திய மாதங்களில் எடுத்த நகல்களைக் கணினியில் திறந்து, மாறுபாட்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தை, நன்றாகக் கூட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிறிய படங்களிலிருந்து எடுத்த நகல்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரே அளவான, ஓரம் மங்கிய, வட்டமான வெளிறல் இருந்தது. பெரிய படங்களின் நகல்களில் அது இல்லை. முகம் பெரும்பாலும் படத்தின் நடுவில்தான் இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் அந்த வெளிறல் முகத்தின்மேலேயே விழுந்திருந்தது. சுவரில் விழுந்திருந்தால் யாரேனும் முதல் வாரத்திலேயே கண்டிருப்போம். முகத்தில் விழுந்தபடியால் அதைத் தோலின் நிறமென்று நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

எங்கள் நகலெடுப்பு ஒழுங்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மேசைமேல் வெள்ளைப் பலகை ஒன்று, அதன்மேல் படம், மேலே, கீழ்நோக்கிய நிலையில் கண்ணாடியில்லாக் கமரா, அதாவது மிரர்லெஸ் வகை, இருபுறமும் 45 பாகை சரிவில் இரு எல்.ஈ.டி. விளக்குகள். பிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் கமராவின் சென்சர் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீற்றர் அளவுள்ளது. லென்ஸ், எம்42 எனப்படும் பழைய திருகுமரையுள்ள 50 மில்லிமீற்றர் லென்ஸ். அதைக் கமராவில் பொருத்த அடப்டர் எனப்படும் உருளை வடிவ இணைப்பு ஒன்றும், சிறிய படத்துக்கு நெருங்கிப் போவதற்காக 22 மில்லிமீற்றர் நீட்சி வளையமும் இடையில் இருந்தன. படங்கள் பெரும்பாலும் வளைந்து நெளிந்திருப்பதால், முழுவதும் கூர்மையாக வர வேண்டி லென்ஸின் துவாரத்தை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி எடுப்போம்; எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும். பழைய லென்ஸ் என்பதற்காக யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை. நகலெடுப்புக்கு அது இன்றும் நல்ல லென்ஸ்தான் என்பது என் கருத்து, இந்த ஆய்வின் முடிவிலும் அக்கருத்து மாறவில்லை.

முதற்சந்தேகம் விளக்குகள்மீது எழுந்தது. பளபளப்பான போட்டோத் தாளில் விளக்கின் சாயல் விழுந்து கமராவுக்குள் திரும்புவது நகலெடுப்போர் எல்லோரும் அறிந்த தொல்லை. அதைச் சோதிக்க எளிய வழி சுழற்றிப் பார்ப்பதுதான். படத்தை மட்டும் அரைவட்டம் திருப்பி ஒருமுறையும், கமராவை மட்டும் அரைவட்டம் திருப்பி ஒருமுறையும் எடுத்தேன். பொட்டு படத்தோடு சேர்ந்து சுற்றினால் கோளாறு தாளில் இருக்கிறது. இருந்த இடத்திலேயே நின்றால் விளக்கிலோ கமராவிலோ இருக்கிறது. அது அசையவேயில்லை. பின்னர் ஒரு விளக்கை அணைத்தேன். பொட்டு மங்கியதே தவிர நகரவில்லை. விளக்கின் சாயலாக இருந்திருந்தால் ஒரு பக்கமாவது சாய்ந்திருக்க வேண்டும். படத்தை எடுத்துவிட்டு வெறும் மட்டித்தாள் ஒன்றை வைத்து எடுத்தபோதும் பொட்டு அப்படியே இருந்தது. பளபளப்பில்லாத தாளிலும் அது வருவதால், தாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கினேன்.

அடுத்து யூவி பில்டரைக் கழற்றினேன். கிரவல் புழுதிக்குப் பயந்து நாங்கள் எல்லா லென்ஸ்களிலும் அதைப் பூட்டி வைப்பதுண்டு. தட்டையான கண்ணாடி என்பதால், சென்சரில் பட்டுத் திரும்பும் ஒளியை அது மீண்டும் சென்சருக்கே அனுப்பக்கூடும். சென்சர், பழைய பிலிமைவிட அதிகம் பளபளப்பான பரப்பு என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். பில்டர் போன பிறகும் பொட்டு போகவில்லை. அறை விளக்கை அணைத்தேன், வெள்ளைச் சேர்ட்டுக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டேன், தகரக் கூரையிலிருந்து இறங்கும் வெளிச்சத்தைத் திரையால் மறைத்தேன். எல்லாம் சேர்ந்தும் ஒரு சிறு வித்தியாசத்துக்கு மேல் தரவில்லை.

லென்ஸைக் கையிலெடுத்து, பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். முன்கண்ணாடியின் விளிம்பில் பூஞ்சணத்தின் சிலந்திவலை போன்ற இழைகள் தெரிந்தன. கார்த்திகை, மார்கழி மாரியில் இரணைமடுக் காற்று அறைக்குள் கொண்டுவரும் ஈரத்துக்கு வன்னியில் பூஞ்சணம் பிடிக்காத பழைய லென்ஸ் அரிது. ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று அந்தக் கணத்தில் நினைத்தேன். ஆனால் பூஞ்சணம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துப் படம் முழுவதிலும் ஒரு மெல்லிய புகைத்திரையைப் போடுமேயன்றி, நடுவில் மட்டும் வட்டமாக வெளுக்கச் செய்வதற்குக் காரணமில்லை. மேலும் எஃப் 11 அளவுக்குத் துவாரத்தைச் சுருக்கினால், படத்தின் நடுப்பகுதியை ஆக்கும் ஒளி முன்கண்ணாடியின் விளிம்பு வழியாகச் செல்வதில்லை. கண்ணில் பட்ட முதற் குறையையே குற்றவாளியாக்கிவிடுவது இத்தகைய வேலையில் நேரும் பெரிய பிழை. அன்று லென்ஸைத் திறந்து துடைத்திருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும், லென்ஸின் ஒழுங்கும் கெட்டிருக்கும், பொட்டு அப்படியே இருந்திருக்கும்.

வழியைக் காட்டியது துவாரம்தான். அதே மட்டித்தாளை எஃப் 2.8 தொடங்கி எஃப் 16 வரை, ஒரே வெளிச்ச அளவு வரும்படி நேரத்தை மாற்றி மாற்றி எடுத்தேன். எஃப் 2.8 இல் பொட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. எஃப் 5.6 இல் பரந்த, மங்கலான ஒரு வெளிறல். எஃப் 11 இல் அது சுருங்கித் தெளிவாகியது. எஃப் 16 இல் ஓரமும் தெரியத் தொடங்கியது. பிறகு நீட்சி வளையத்தைக் கழற்றிவிட்டுத் தூரத்திலிருந்து எடுத்தபோது, பொட்டு பெருமளவு மங்கியது. ஆகவே துவாரத்தின் அளவையும், லென்ஸ் சென்சரிலிருந்து இருக்கும் தூரத்தையும் பொறுத்து மாறுகிற ஏதோ ஒன்று, லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையில் நடக்கிறது என்பது உறுதியாயிற்று.

கமராவைக் கழற்றி வைத்துவிட்டு, லென்ஸையும் வளையத்தையும் அடப்டரையும் மட்டும் சேர்த்துப் பிடித்து, துவாரத்தை எஃப் 11 இல் வைத்து, சென்சரின் நடுப்பகுதி இருக்கவேண்டிய இடத்தில் கண்ணை வைத்து வெள்ளைப் பலகையை நோக்கினேன். நடுவில் துவாரம் ஒரு சிறிய ஒளித்துளியாகத் தெரிந்தது. தெரிய வேண்டியது அது ஒன்றே. அதைச் சுற்றி, அடப்டரின் உட்சுவரில், ஒரு மெல்லிய வெள்ளை வளையம் அமாவாசை கழிந்த மூன்றாம் பிறைபோல் மினுங்கியது. கண்ணை ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகர்த்தியதும் வளையம் உடைந்து ஒரு பக்கத்தில் மட்டும் நின்றது. திரும்ப நடுவுக்கு வந்ததும் மீண்டும் முழு வட்டமாகியது. சென்சரின் நடுப்புள்ளி மாதக்கணக்காக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

நடப்பது இதுதான். லென்ஸ், சென்சர் கொள்ளும் அளவுக்கு மட்டும் ஒளியை அனுப்புவதில்லை. பக்கங்களிலிருந்து வரும் ஒளியையும் உள்ளே விடுகிறது. அந்த மிகுதி ஒளி அடப்டரின் உருளைச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. உருளையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே சரிவில் திரும்பும் கதிர்கள் உருளையின் நடு அச்சில்தான் ஒன்றுகூடும். சில்வர்ப் பேணி ஒன்றை வாய் மேல்நோக்கி வைத்து, அதன் நடுவுக்கு நேர்மேலே சிறிய டோர்ச்சைப் பிடித்தால் அடியில் ஒரு வெளிச்சப் பொட்டு தோன்றுவதைப் பார்க்கலாம். அடப்டர் ஒரு அடியில்லாப் பேணி. துவாரம் சிறிதாக இருக்கும்போது ஒளி ஒரு புள்ளியிலிருந்து புறப்படுவது போலாகிறது, எனவே திரும்பும் கதிர்களும் ஒழுங்காகக் குவிகின்றன. துவாரம் பெரிதானால் அவை ஒன்றோடொன்று குழம்பிப் படம் முழுவதும் பரவிவிடுகின்றன. எஃப் 2.8 இல் பொட்டு தெரியாததால் அங்கே கோளாறு இல்லை என்று கொள்ளக்கூடாது. அதே ஒளி பரவி நின்று கறுப்பை வெளிறச் செய்துகொண்டிருக்கும்.

அடப்டரின் உள்விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இருந்தது. 22 மில்லிமீற்றர் வளையத்தோடு 50 மில்லிமீற்றர் லென்ஸ் சென்சரிலிருந்து சுமார் 72 மில்லிமீற்றரில் நிற்கிறது. சுவரில் ஒருமுறை பட்டு நடுவுக்கு வந்து சேரும் கதிர், அந்தத் தூரத்தின் பாதியில், அதாவது சென்சரிலிருந்து 36 மில்லிமீற்றரில் சுவரைத் தொட வேண்டும். அது சரியாக அடப்டரின் சுவருக்குள் வருகிறது. சுவர் இல்லாதிருந்தால் அக்கதிர் அச்சிலிருந்து 40 மில்லிமீற்றர் தள்ளி, சென்சருக்கு வெகு வெளியே விழுந்திருக்கும். சென்சரில் விழும் உருவம் அசலின் 0.44 மடங்கு என்பதால், மேசையில் அதற்குரிய இடம் படத்தின் நடுவிலிருந்து சுமார் 9 சென்டிமீற்றர் தள்ளி இருக்கிறது. 35க்கு 45 மில்லிமீற்றர் படமொன்றை வைத்தால், அந்த 9 சென்டிமீற்றரில் இருப்பது வெறும் வெள்ளைப் பலகை. ஆகவே அந்தப் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது, படத்துக்குள் இல்லாத, கமராவின் திரையில் ஒருபோதும் தெரியாத பலகையின் வெளிச்சம்.

கணக்குச் சொன்னதைக் கண்ணாலும் பார்க்க விரும்பினேன். சிவப்புத் தாளை 9 சென்டிமீற்றர் ஆரையில் வளையமாக வெட்டி, மட்டித்தாளைச் சுற்றிப் பலகையில் வைத்து எடுத்தேன். நடுவிலிருந்த பொட்டு இளஞ்சிவப்பாக மாறியது. வளையத்தில் பாதியை எடுத்துவிட்டபோது பொட்டின் நிறமும் மங்கிற்று. ஐந்து நாட்களாகத் துரத்தியது அத்தோடு கையில் அகப்பட்டது. கோளாறு எங்கே என்று ஐயப்படும் எவருக்கும் இந்தச் சோதனையை நான் முதலிற் சொல்வேன்: கமராவின் திரையில் தெரியும் பரப்புக்கு வெளியே நிறத்தாளை நகர்த்துங்கள், பொட்டு நிறம் மாறும் இடத்தில் நில்லுங்கள்.

அடப்டரின் உட்புறம் கறுப்புத்தானே, பின் எப்படி மினுங்கியது என்று உதவியாளர் கேட்டார். கறுப்பு என்பது நேரே பார்க்கும்போதுதான் கறுப்பு. மாரி இரவில் நனைந்த தார்வீதி காலடியில் கன்னங்கரேலென்று இருக்கும். எதிரே வரும் லொறியின் விளக்கில் அதே தார் கண்ணாடிபோல் மினுங்கிக் கண்ணைக் கூசும். வழுவழுப்பான பூச்சில் நேரே விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்புகிறதென்றால், எங்கள் அடப்டரில் போல் 60 பாகை சரிந்து விழும்போது ஏறத்தாழ 9 சதவீதம் திரும்புகிறது. 80 பாகைக்குச் சரிந்தால் அது 39 சதவீதம் வரை ஏறும். அதனால்தான் நல்ல அடப்டர்களின் உட்சுவரில் மரைபோல வரிவரியாகக் கீறியிருப்பார்கள். எங்களுடையது விலை மலிவானது. உள்ளே கண்ணாடிபோல் கடைந்திருந்தது.

திருத்தும் வேலை சிறியது. மார்க்கர்ப் பேனையால் உட்புறத்தைத் தீட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் அது முன்னையதைவிட மினுங்கியது. புடவைக் கடையில் வாங்கிய கறுப்பு வெல்வெற் ஒளியை நன்றாகக் குடித்தது, ஆனால் வெட்டிய ஓரத்திலிருந்து நூல்தும்பு உதிர்ந்து சென்சரில் ஒட்டும் என்பதால் அதையும் விட்டேன். கடைசியில் பளபளப்பில்லாத கறுப்புத் தாளை மணல்தாளால் மெல்ல உரசிச் சொரசொரப்பாக்கி, தூசியை ஊதிவிட்டு, உட்சுவரில் ஒட்டினேன். அதோடு அதே தாளில் 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத் துளையிட்ட தட்டு ஒன்றை, சென்சரிலிருந்து சுமார் 25 மில்லிமீற்றரில் அடப்டருக்குள் தடுப்பாக நிறுத்தினேன். படத்தை ஆக்கும் கதிர்கள் எஃப் 11 இல் அந்தத் துளைக்குள் தாராளமாகப் போய்விடும். சுவரில் பட்டு வரும் கதிர்களோ அந்த இடத்தில் அச்சிலிருந்து ஏறத்தாழ 14 மில்லிமீற்றரில் இருப்பதால் தட்டில் முட்டி நின்றுவிடும். துவாரத்தை முழுதாகத் திறந்தால் மூலைகள் சற்று இருளும். நகலெடுப்பில் யாரும் அப்படி எடுப்பதில்லை. ஒட்டும்போது தாள் லென்ஸின் பின்கண்ணாடியையோ கமராவின் சட்டரையோ தொடாமல் இருக்கிறதா என்று மட்டும் இருமுறை பார்க்க வேண்டும். மேசையில் வெள்ளைப் பலகைக்குப் பதிலாகக் கறுப்பு வெல்வெற்றை விரித்தோம். அது கமராவுக்கு வெளியே இருப்பதால் தும்பு உதிர்ந்தாலும் கவலையில்லை. மட்டித்தாளை மீண்டும் எடுத்து மாறுபாட்டை எவ்வளவு கூட்டிப் பார்த்தும் பொட்டு இல்லை.

இவ்வளவு பாடுபடுவதை விட்டு, கணினியில் பொட்டைக் கழித்துவிடலாமே என்று தொழில் நண்பர்கள் சிலர் சொன்னார்கள். நானும் முதலில் அப்படித்தான் எண்ணி, வெள்ளைத் தாளை எடுத்த பிரதியால் நகலை வகுத்துப் பார்த்தேன். மூலை இருளுவதைத் திருத்த அம்முறை மிகவும் பொருத்தமானது, ஏனெனில் அங்கே ஒளி ஒரு விகிதத்தால் குறைகிறது. வழிதவறிய ஒளி அப்படியல்ல. அது உள்ள ஒளியோடு மேலதிகமாகக் கூடுகிறது. வெள்ளை நெற்றியில் அது கொஞ்சமாகவும், கறுத்த தலைமுடியில் மிக அதிகமாகவும் தெரியும். வெள்ளைத் தாளை வைத்துத் திருத்தினால் நெற்றி ஒழுங்காகும், முடி சாம்பலாகவே நிற்கும். சுற்றிலும் என்ன இருந்தது என்பதைப் பொறுத்து அதன் அளவும் மாறுவதால், ஒரு நாளைய திருத்தம் மறுநாளைக்குப் பொருந்தாது. தழும்பு அழிந்த இடத்தில் தழும்பை நாமே வரைய நேர்ந்தால், அது நகலெடுப்பாக இருக்காது.

பொட்டு போனபின்தான் இரண்டாவது குறை வெளிப்பட்டது. உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டிய சிறு பெட்டியொன்றில் விரற்கடை அளவு துளையிட்டு, அதை வெள்ளைத் தாளின் நடுவில் வைத்து எடுத்தால், துளை முழுக்கறுப்பாக வர வேண்டும். அதற்குள் எவ்வளவு வெளிச்சம் பதிகிறதோ அவ்வளவும் லென்ஸிலும் கமராவிலும் வழிதவறியதுதான். எங்கள் துளை சாம்பல் நிறமாகவே வந்தது. இதில் பூஞ்சணத்துக்கும் பங்கு உண்டு, லென்ஸின் பழைமைக்கும் பங்கு உண்டு. ஒளி திரும்புவதைக் குறைக்கும் பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பொன்று தன்மேல் படும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பிவிடும். காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு இருந்தால், அவற்றில் எவ்விரண்டுக்கிடையிலும் ஒளி முன்பின் ஆடக்கூடியதாக 28 சோடிகள் அமைகின்றன. ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935 இல் உருவாக்கிய பூச்சுமுறை அந்த 4 சதவீதத்தைப் பெரிதும் குறைத்தது, பின்வந்த பல அடுக்குப் பூச்சு அரைச் சதவீதத்துக்கும் கீழே கொண்டுபோயிற்று. எங்களுடையது ஒற்றைப் பூச்சுக் காலத்தது. லென்ஸ் முகத்தில் பக்கவெளிச்சத்தை மறைக்கும் ஆழமான ஒரு ஹூட்டைப் பூட்டி, படத்தைச் சுற்றிய இடமெல்லாம் வெல்வெற்றால் மூடியபோது துளை போதிய அளவு கறுத்தது. பூஞ்சணத்தை விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைப்பித்தோம். இப்போது லென்ஸ்கள் காற்றுப்புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு இருக்கின்றன.

இதே வடிவான மையப் பொட்டு வேறொரு காரணத்தாலும் வரும் என்பதை ஒரு வரியில் சொல்லி வைக்க வேண்டும்: அகச்சிவப்புக்கு மாற்றிய கமராவில், சுமார் 720 நானோமீற்றருக்கு மேலான ஒளியில் எடுக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கென்று செய்த பூச்சும் லென்ஸின் உட்கறுப்பும் தம் வேலையைச் செய்யாமற் போகலாம். அங்கே அடப்டரில் தாள் ஒட்டிப் பயனில்லை. துவாரத்தைத் திறப்பது அல்லது லென்ஸை மாற்றுவதே வழி.

அந்தத் தாயாரின் படத்தை மறுபடியும் எடுத்தோம். புருவத்துக்கு மேலிருந்த தழும்பு தெளிவாக வந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, “வேலியால விழுந்து வந்த காயம்” என்று மட்டும் சொன்னார். பழைய பதிவேட்டைப் புரட்டி, அதே அடப்டரில் சிறிய படங்களை நகலெடுத்த எல்லா வீடுகளுக்கும் தகவல் சொல்லி, மூலப்படத்தை ஒருமுறை கொண்டுவரும்படி கேட்டோம். காசில்லாமல் திரும்ப எடுத்துக் கொடுக்கிறோம். மாங்குளம், மல்லாவிப் பக்கமிருந்து பலர் வந்துவிட்டார்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கத்திலிருந்து ஒன்பது படங்கள் இன்னும் வரவேண்டியிருக்கின்றன; அவற்றின் பழைய நகல்களை அதுவரை கணினியிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கிறோம்.